ஊரணி விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள்

எங்கள் ஊர் நகரத்தார்களுக்கும் கோயில் காரியக்காரர்களுக்கும் வணக்கம்.

வருகிற பிள்ளையார் நோன்பன்று, வானத்தைப் பார்க்க வசதியாக, ஊரணிக்கரை ஹைமாஸ் விளக்கை ஏழரையிலிருந்து எட்டரை வரை அணைத்து வைக்க வேண்டும். கேட்க வந்தது இவ்வளவுதான். விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை, படித்துறையில் பாம்பைப் பார்த்த பிறகு வசூல் பண்ணினபோது நானும் பணம் கொடுத்தவன்தான்.

திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 இழை சேர்த்துத் திரி திரிக்கிறோம். சஷ்டியும் சதயமும் கூடுகிற நோன்பு நாளில் அதை இழைமாவில், அதாவது வெல்லம் சேர்த்துப் பிசைந்த அரிசி மாவில், வைத்துக் கொளுத்தி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். சின்ன வயதில் எனக்கு நாக்கு சுட்டுவிடுமோ என்கிற பயம்தான், ஏன் 21 என்று கேட்கவே தோன்றவில்லை. ரொம்ப வருஷம் கழித்து ஒரு நாள் சும்மா உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கம் எண்ணிப் பார்த்தேன். திருக்கார்த்திகையன்று முழுநிலா கார்த்திகை நட்சத்திரத்தில் நிற்கும், 27 நட்சத்திர வரிசையில் அது மூன்றாவது. நிலா ஏறக்குறைய நாளுக்கு ஒரு நட்சத்திரம் நகரும். மூன்றோடு 21-ஐக் கூட்டினால் 24, அது சதயம். சரி, திதி? பௌர்ணமி 15, அதோடு 21 சேர்ந்தால் 36, ஒரு சுற்றுக்கு முப்பது திதி போக ஆறு, சஷ்டி. இரண்டு கணக்கும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன! அப்பத்தா கோடி வேட்டியிலிருந்து இழை உருவிக்கொண்டிருந்தது வானத்தை எண்ணத்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நிலா நட்சத்திரங்களுக்கிடையே ஒரு சுற்று வர 27.3 நாள், ஆனால் பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாள், ஏனென்றால் அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும், அந்தத் தூரத்தையும் நிலா ஓடிக் கடக்க வேண்டும். அதனால் 21 நட்சத்திரம் கடக்க சராசரியாக 21 நாளுக்குக் கால் நாள் கூடும், 21 திதி ஓட மூன்றில் ஒரு பங்கு நாள் குறையும். சில வருஷம் சஷ்டியும் சதயமும் ஒட்டாமல் நழுவி, நோன்பு இன்றா நாளையா என்று ஊர் முழுக்கப் போன் போட்டு விசாரிக்கிறோமே, அது இந்த அரை நாள் பண்ணுகிற வேலை.

அன்று இரவு மாடியில் ஏறி நின்றால் மேற்கே நிலா சதயத்தில் இருக்கும். சதயத்து விண்மீன்கள் மங்கல், நிலா வெளிச்சத்தில் தெரியாது. கிழக்கே நல்ல உயரத்தில் கார்த்திகை, 21 நாளுக்கு முன் முழுநிலா நின்ற இடம். அங்கே திரும்பிப் போய்ச் சேர நிலாவுக்கு இன்னும் ஆறு நாள் நடை பாக்கி. கார்த்திகை ஏறத்தாழ 440 ஒளியாண்டு தூரம், அதாவது நம் வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு வந்து இறங்குவதற்கு வெகு முன்பே அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம்தான் இன்றைக்கு நம் மாடியில் விழுகிறது.

போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து வந்த பேத்தியிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சேருகிற ஓரத்தில் வெயில் சாய்வாக விழுவதால் பள்ளங்களின் நிழல் நீளமாகத் தெரியும், சஷ்டி நிலா அதற்கு ரொம்பத் தோது. “முறுக்கைக் கடிச்ச மாதிரி இருக்கு ஐயா” என்றாள். அப்புறம் கார்த்திகையைக் காட்டக் கிழக்கே திருப்பினேன். ஊரணி எங்கள் வீட்டுக்குக் கிழக்கே. வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்தது. “அங்க லைட்டுதான் இருக்கு” என்று பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

விளக்குப் பெட்டிச் சாவி சத்திரத்து வாட்ச்மேனிடம் இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன், காரியக்காரர்கள் சொன்னால் அணைக்கிறேன் என்றார். பாம்பைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த ஒரு மணி நேரமும் படித்துறையில் டார்ச்சோடு நானே உட்கார்ந்துகொள்கிறேன்.