வாஸ்டேல் ஹெட்டில் கைகொடுத்த அம்மையாருக்கு நன்றி

இங்கிலாந்தின் கம்ப்ரியாவில், வாஸ்ட்வாட்டர் ஏரியைத் தாண்டிச் சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது வாஸ்டேல் ஹெட். சில பண்ணைவீடுகள், ஒரு விடுதி, யூ மரங்கள் சூழ்ந்த சின்னஞ்சிறு தேவாலயம், ஊர் அவ்வளவுதான்.

978 மீட்டர் உயரமுள்ள ஸ்கேஃபெல் பைக்கிலிருந்து இறங்கி வரும்போது என் தந்தைக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நல்ல மழை. கைப்பேசியில் சிக்னல் இல்லை. சாம்பல் நிற ஹெர்ட்விக் ஆடுகளை ஓட்டி வந்த நீங்கள், எங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் அவருக்குத் தோள் கொடுத்தீர்கள். சூடாகத் தேநீர் தந்தீர்கள். வலியிலிருந்து அவர் கவனத்தைத் திருப்ப, ஓர் ஆட்டின் காதை மடித்து அதிலிருந்த வெட்டுக்குறியைக் காட்டினீர்கள். ரோமத்தில் பூசும் சிவப்புச் சாயம் மங்கிப்போகும், காதுக்குறி ஆயுளுக்கும் நிற்கும் என்றீர்கள். அக்டோபரில் மேய்ப்பர்கள் ஒன்றுகூடும்போது, வழிதவறி மந்தை மாறிய ஆடுகளைக் குறி பார்த்து உரியவரிடம் ஒப்படைப்பது அங்கே பழைய வழக்கமாம். வேலியில்லாத மலையில் மந்தை வளர்ப்பவர்களுக்கு அண்டை வீட்டாரின் நாணயம்தான் பெரிய சொத்து. முன்பின் தெரியாத எங்களிடமும் நீங்கள் அப்படித்தான் நடந்துகொண்டீர்கள்.

நீங்கள் சொன்னபடியே தேவாலயத்துச் சன்னலையும் பார்த்தோம். முதல் உலகப் போரில் மாண்ட மலையேறிகளின் நினைவாக, நேப்ஸ் நீடில் பாறையைக் கண்ணாடியில் பொறித்திருக்கிறார்கள். அப்பா வெகுநேரம் அங்கேயே நின்றார்.

இப்போது அவர் நன்றாக நடக்கிறார். நீங்கள் கொடுத்தனுப்பிய கைத்தடியை விடுதி முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பெற்றுக்கொள்ளுங்கள், அம்மா. மனமார்ந்த நன்றி.