சீப்புக் கீறல்தானே என்று விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவக் கேள்வி–பதிலில், மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்ட வாசகர் ஒருவர், தழும்பில் பட்ட சீப்புக் கீறல் ஆறவேயில்லை என்று கேட்டிருந்தார். "ஆபரேஷன் முடிந்துதான் பல வருடம் ஆகிவிட்டதே, ஆயின்ட்மென்ட் தடவுங்கள், கவலையை விடுங்கள்" என்று பதில். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

என் கணவருக்கும் இதையேதான் சொன்னார்கள். மூளைக் கட்டியை எடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. நகம் பட்ட இடத்தில் சின்னதாக ஒரு பொருக்கு. உதிரும், மறுபடி கட்டும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. காலையில் தலையணை உறையில் மட்டும் மஞ்சளாக ஒரு கறை இருக்கும். கடைசியில் நியூரோசர்ஜன் முடியை விலக்கி லைட் அடித்துக் காட்டினார். பொருக்குக்கு அடியில் ஒரு துளை; அதற்குள், மண்டையோட்டு எலும்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலை மின்னியது.

உங்களுக்குத் தெரியாததல்ல. ஆபரேஷனுக்காக அறுத்தெடுத்துத் திரும்பப் பொருத்திய மண்டையோட்டு எலும்புக்குப் பழைய ரத்த ஓட்டம் கிடையாது. அதிலோ அதைப் பிடித்திருக்கும் டைட்டானியம் பிளேட்டிலோ கிருமி ஒட்டிக்கொண்டால் தன்னைச் சுற்றிப் படலம் கட்டிக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக் மட்டும் பெரும்பாலும் போதாது. ரேடியேஷன் வாங்கிய தோல் லேசில் ஆறாது. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காய்ச்சல்கூடத் தெரியாமல் போகலாம். என் கணவருக்கு அந்த எலும்பையே எடுத்துவிட்டார்கள். மாற்று வைக்கும்வரை, பல மாதம், தலையில் பள்ளத்தோடு வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடந்தார்.

இந்தப் பகுதியில் இது முதல் தடவையும் அல்ல. ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) வைத்த குழந்தைகள் பற்றிய கட்டுரையில், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓடும் குழாயின் மேல் காயம் பட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. அப்போதே எழுதினேன். கடிதமும் இதழில் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை. மருத்துவமனை மட்டும் என்ன? என் கணவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் தையல் பிரிக்கும் தேதி இருந்தது, வலிப்பு மாத்திரை இருந்தது; பின்னாளில் தழும்பில் புண் வந்தால் யாரிடம் காட்டுவது என்பது இல்லை.

யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. பெரும்பாலான கீறல்கள் சுத்தமான தண்ணீரில் கழுவினாலே ஆறிவிடும். ஆறாமல் இழுத்தால், தழும்பு சிவந்து வீங்கினால், சீழோ தெளிந்த நீரோ கசிந்தால், அறுவை சிகிச்சை செய்த பிரிவிலேயே உடனே காட்ட வேண்டும். காய்ச்சலோடு தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம், வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் அவசர சிகிச்சைக்கே போக வேண்டும்.

அடுத்த இதழில் அதே பகுதியில் இதைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், போதும். கடிதத்தைச் சுருக்க வேண்டுமென்றால் என் கணவர் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். அறிகுறிகளில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி