காலியாகக் கிடந்தால் வெட்டியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறன்று தங்கள் ஏட்டில் எங்கள் பட்டணத்தைப் பற்றிச் செய்தி வந்தது. ஊர்ப் பெயரைப் பிழையில்லாமல் அச்சிட்டதற்கு முதலில் நன்றி. 'ஆண்டு முழுக்க வறண்டு கிடக்கும் பயனற்ற மண் அணை' என்று தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணை வறண்டுதான் கிடக்க வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. நிருபருக்குச் சொல்ல நேரமிருந்திருக்காது. கூரை ஒழுகும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வாளியை நிரப்பியா வைப்பார்கள்?

நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவன். பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. ஒரே ராத்திரியில் 100 மில்லிமீட்டருக்கு மேல் எழுதிய காலைகளும் உண்டு. மேட்டிலிருந்து பாய்ந்து வரும் தண்ணீரை அந்த மண்கரைதான் நிறுத்தும். அடியில் பதித்த குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு விடும். லயத்து வாசல் நனையாது. பிறகு குளம் வடிந்து புல் முளைக்கும், மாடு மேயும். அந்த மாட்டைத்தான் தாங்கள் பெரிதாகப் படம் போட்டிருக்கிறீர்கள்.

துரை பங்களா அன்றும் மேட்டில், நாங்கள் அன்றும் பள்ளத்தில். ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ப்பனையான செம்பனை வந்தது, தோட்டம் கைமாறியது, எங்களுக்குத் தாமான் என்னும் குடியிருப்பில் வீடு கிடைத்தது, அதுவும் அணைக்குக் கீழேதான். கோயிலை இடம் மாற்றியபோதும், தமிழ்ப்பள்ளித் திடலில் தண்ணீர் தேங்கியபோதும் தங்களுக்கு எழுதினேன். வரவில்லை. நடிகரின் பிறந்தநாளுக்கு முழுப்பக்கம் இருந்தது. வெள்ளம் வந்தால் மட்டும் ஒய்பி, அதாவது நாங்கள் ஓட்டுப் போட்ட மக்கள் பிரதிநிதி, பூட்ஸ் போட்டு அரிசி மூட்டையோடு வருவார், தங்கள் கேமராவும் கூடவே வரும்.

'சமன் செய்து புட்சால் (ஐவர் கால்பந்து) திடல் கட்டலாம்' என்று யாரோ சொன்னதையும் அப்படியே போட்டிருக்கிறீர்கள். கரை மேல் புல்தான் இருக்கலாம், மரம் கூடாது. வேர் செத்து அழுகினால் அந்த வழியே தண்ணீர் துளை போடும். இப்போது தொடைப் பருமனில் மரங்கள் நிற்கின்றன. மிச்சத் தண்ணீர் வழிய ஓரத்தில் விட்ட வாய்க்காலை மண் போட்டு மூடி அங்கே ஒரு கடை. குழாய் வாயில் செம்பனை மட்டைகள் அடைத்துக் கிடக்கின்றன. தண்ணீர் மேலே ஏறி வழிந்தால் மண்கரை அரித்துக்கொண்டே போகும், நிற்காது. 2022 ஜூலை 4 அன்று எங்கள் கெடா மாநிலத்துப் பாலிங் வட்டாரத்தில், கூப்பாங்கில் மலைத்தண்ணீர் மரக்கட்டைகளோடு இறங்கி மூன்று உயிர்கள் போன செய்தியைத் தாங்களும்தானே போட்டீர்கள்?

இலாகாவுக்கு எழுதினேன், நிலம் கம்பெனியுடையது என்றார்கள். கம்பெனியோ, ஒப்படைத்தாயிற்று என்கிறது. இரண்டு கடிதங்களும் அழகான மலாயில் இருக்கின்றன.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை நிருபர் மாட்டை விட்டுவிட்டுக் குழாய் வாயைப் படம் எடுக்கட்டும். தீபாவளி மழைக்கு முன் யாராவது இரண்டு ஆளை அனுப்பி, பாராங் கத்தியால் மட்டையை வெட்டி அகற்ற அது உதவும். இடமில்லை என்று இக்கடிதத்தைச் சுருக்குவதானால் கோயிலையும் ஒய்பியையும் எடுத்துவிடுங்கள், மட்டையை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
கெடா