எறால் உரிக்கிற கைகளை யாராவது பாத்தீங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்க ஊரு தூத்துக்குடி பக்கம், என் மதினி எறால் உரிச்சு ஏற்றுமதி பண்ற கம்பெனிக்கு வேலைக்கு போறாங்க. விடிய முன்ன வேன் வரும், போனா நாள் பூரா ஐஸ் தண்ணியில நின்னுக்கிட்டே தலை கிள்ளி தோடு உரிக்கணும், குளோரின் தண்ணியில கை முக்கி முக்கி விரல் இடுக்கெல்லாம் வெந்து போயி ராத்திரி சோறு பிசையவே முடியல, எரியுதுன்னு ஸ்பூன்ல சாப்பிடுறாங்க. பாத்ரூம் போகவும் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுதான் போகணுமாம்.

இவங்களாவது வீட்டுக்கு வந்துடுறாங்க, ஒடிசாவுல இருந்து வந்த பிள்ளைங்க கம்பெனி ஹாஸ்டல்லயே கிடக்குதுங்க, பாஷையும் தெரியாது. 2024 ஜூலையில எங்க பக்கத்து புதூர் பாண்டியாபுரத்துல ஒரு மீன் கம்பெனியில, குளிரூட்ட வச்சிருக்கிற அமோனியா வாயு கசிஞ்சு பெண்கள் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு போனாங்களே, அதுலயும் ஒடிசா பிள்ளைங்க இருந்தாங்க. ரெண்டு நாள் பேப்பர்ல வந்துச்சு, அப்புறம் பேச்சே இல்ல. அமெரிக்கா வரி போட்டா மட்டும் எறால் ஏற்றுமதி போச்சுன்னு பக்கம் பக்கமா எழுதுறீங்க (எழுதுங்க, வேணாங்கல), உரிக்கிறவங்க சம்பளத்தையும் எழுதலாம்ல?

தொழிற்சாலை ஆய்வாளர்கள் சொல்லாம கொள்ளாம ராத்திரி ஷிப்ட்ல வந்து பாக்கணும். அமோனியா கசிஞ்சா எந்த பக்கம் ஓடணும்னு ஒடியாவுலயும் எழுதி ஒட்டச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தூத்துக்குடி