மலைப் பள்ளிகளில் புவி அறிவியலைக் கைகளால் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியாகும் செய்திகளையும் படங்களையும் ஆண்டுதோறும் கவனித்து வருகிறேன். எங்கள் பக்கத்தில் சாஸ்திர மேளா என்று சொல்லப்படும் அந்தக் கண்காட்சிகளில் தவறாமல் இடம்பெறுவது, தெர்மாகோலில் செய்து சிவப்பு வண்ணம் பூசிய எரிமலை. அதன் வாயில் சமையல் சோடாவை இட்டு வினிகரை ஊற்றினால் நுரை பொங்கி வழியும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு தமிழ்வழிப் பள்ளியில் 22 ஆண்டுகளாக அறிவியல் கற்பித்து வரும் நான், அந்தப் படத்தைக் காணும்போதெல்லாம் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

அந்த நுரை, அமிலமும் காரமும் சேர்வதால் கரியமில வாயு வெளிவரும் ஒரு வேதிவினை. உண்மையான எரிமலையில் நடப்பது வேறு. ஆழத்தில், மிகுந்த அழுத்தத்தில், பாறைக்குழம்பினுள் கரைந்திருக்கும் நீராவியும் பிற வாயுக்களும், குழம்பு மேலேறி அழுத்தம் குறையக் குறையக் குமிழிகளாகப் பிரிந்து விரிந்து அதை வெளியே தள்ளுகின்றன. குலுக்கிய சோடா பாட்டிலின் மூடியை மெல்லத் திறந்து காட்டினால் இந்தக் கருத்து குழந்தைக்கு இன்னும் சரியாக விளங்கும். இந்தியாவில் இயங்கிவரும் எரிமலை அந்தமான் கடலின் பாரன் தீவில் இருக்கிறது. அதையும் குழந்தைகள் அறிந்துகொள்ளட்டும். ஆனால் எங்கள் குழந்தைகளின் வீட்டுக்குப் பின்னால் உயர்ந்து நிற்பது மண் மூடிய செங்குத்தான மலைச்சரிவு. 2020 ஆகஸ்ட் 6 இரவில் எங்கள் வட்டத்துப் பெட்டிமுடியில், லயங்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் மீது மலை இறங்கி 70 உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் அழிந்தன. இவற்றைக் கேட்டும் பார்த்தும் வளரும் குழந்தைகளுக்கு, மண்ணும் நீரும் சரிவும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்பதைக் கையால் தொட்டுக் கற்கும் வாய்ப்பை வகுப்பறை தரவில்லையென்றால், வேறு எங்கே போய்க் கற்பார்கள்?

இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நான் முதலில் எடுப்பது ஒரு பிடி மணல். உலர்ந்த மணலைக் காகிதக் கூம்பின் வழியே மெல்லக் கொட்டச் சொல்வேன். குவியல் எவ்வளவு உயர்ந்தாலும் அதன் சரிவு ஏறத்தாழ 30 முதல் 35 பாகைக்குள்தான் நிற்கும். அதற்கு மேல் கொட்டினால் மணல் தானாகவே உருண்டு இறங்கிவிடும். கோணமானியின் நடுவில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டு, குழந்தைகளே இந்தக் கோணத்தை அளக்கிறார்கள். பிறகு அதே மணலில் சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் அது சுவர்போலச் செங்குத்தாக நிற்கிறது. மணிகளுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளச் செய்கிறது. இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பி, அந்த நீரின் அழுத்தம் மணிகளைப் பிரித்துத் தள்ள, சுவர் குழைந்து ஓடிவிடுகிறது. சிறிதளவு நீர் மண்ணைக் கட்டும், மிகுந்த நீர் அதே மண்ணை அவிழ்க்கும் என்பதைப் பத்து வயதுக் குழந்தை தன் விரல்களாலேயே அறிந்துகொள்ளும் இந்தப் பத்து நிமிடங்களுக்கு ஈடான பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

அடுத்தது தட்டுச் சோதனை. அகலமான ஒரு தட்டில் நான்கு விரல் உயரத்துக்கு மண்ணைப் பரப்பி, ஒரு பக்கத்தைச் செங்கல்லால் உயர்த்தி, மூடியில் துளையிட்ட பாட்டிலால் மழைபோலத் தண்ணீர் தெளிக்க வேண்டும். தட்டின் அடிப்பகுதியைப் பாறையாகவும் மேலே இருப்பதைப் பாறை மீது படிந்த மண்ணாகவும் கொள்ளலாம். இரண்டாவது தட்டில் மூன்று வாரங்களுக்கு முன்பே கேழ்வரகு விதைத்து முளைக்க வைத்திருப்போம். மூன்றாவது தட்டில், சரிவின் அடிவாரத்தை அளவுகோலால் வெட்டிச் சாலை போட்டிருப்போம். முளைத்த தட்டிலிருந்து வடியும் தண்ணீர் ஓரளவு தெளிந்திருக்கிறது. வெற்று மண் தட்டில் சிறு ஓடைகள் அரித்துச் செந்நீர் வடிகிறது. சாலை வெட்டிய தட்டிலோ பெரும்பாலும் வெட்டிய இடத்திலிருந்துதான் முதல் பிளவு தொடங்குகிறது. 2019இல் மலைச்சரிவு கண்ட, மூணாறுக்கு அருகே உள்ள கேப் ரோடு என்னும் மலைச்சாலையைப் பேருந்தில் கடந்து வந்திருக்கும் குழந்தைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் இன்னொன்றை விளக்கியே ஆகவேண்டும். வேர்கள் மேல்மண்ணைத்தான் பிடித்து நிறுத்தும். வேர் எட்டாத ஆழத்தில் மண்ணும் பாறையும் சேரும் இடம் வழுக்கினால் மரங்களும் சேர்ந்தே இறங்கும். மரம் இருந்தால் சரிவே வராது என்ற நம்பிக்கையைத் தட்டு ஊட்டிவிடக்கூடாது. எந்த மாதிரிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் கற்பித்தது அரைகுறையாகிவிடும்.

இந்தச் சோதனையை நான் முதன்முதலாகச் செய்த நாளில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "இந்தத் தட்டுல நம்ம லயம் எங்க இருக்கு டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியானது. பெட்டிமுடியில் உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்களின் குழந்தைகளும் எதிரே அமர்ந்திருக்கலாம் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்காமல் நான் அந்தத் தட்டைச் சாய்த்துவிட்டேன். அன்று முதல், இந்தப் பாடத்துக்கு முன்பு குழந்தைகளிடம் பேசிவிட்டு, விரும்பாதவர்களுக்கு வேறு வேலை கொடுத்த பிறகே தொடங்குகிறேன். அன்று அந்தச் சிறுமியிடம், உன் வீடு பாதுகாப்பானதா என்று இந்தத் தட்டை வைத்துச் சொல்ல முடியாது, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொல்ல முடியும் என்றேன். நிலத்தில் புதிதாகத் தோன்றும் விரிசல், சாயத் தொடங்கும் மின்கம்பம், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, தெளிந்து வந்துகொண்டிருந்த ஊற்று கலங்குவது, கனமழை பெய்யும்போதே ஓடையில் நீர் சட்டென்று குறைவது ஆகியவற்றைக் கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். மறுவாரம் கோணமானியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் உள்ள சரிவை வகுப்பே சேர்ந்து அளந்தது.

மழைமானி இன்னும் எளிது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகப் பொருத்தினால் புனல் ஆகிவிடும். அடிப்பகுதி வளைந்திருப்பதால் கூழாங்கற்களையும் தண்ணீரையும் நேரான பகுதி தொடங்கும் வரை நிரப்பி, அங்கே சுழியக் கோடு போட்டு, அதிலிருந்து மில்லிமீட்டர்களைக் குறிக்க வேண்டும். மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைக்கக்கூடாது. வானிலை ஆய்வுத் துறை அளப்பதைப் போலவே காலை 8.30 மணிக்கு அளக்கச் சொல்கிறேன். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று தெரிந்ததும் கணக்குப் பாடமும் இதற்குள் வந்துவிடுகிறது. 100 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டரை, அதாவது 400 டன் எடையை இறக்குகிறது. பத்து டன் லாரிகள் நாற்பது என்று குழந்தைகளே கணக்கிட்டுச் சொன்னபோது அவர்களின் முகத்தில் தெரிந்த வியப்பு இன்னும் என் நினைவில் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6ஐத் தாண்டினால் மிகக் கனமழை, 204.4க்கு மேல் அதிகனமழை என்ற வரம்புகளை அவர்கள் தங்கள் பாட்டிலிலேயே வண்ணக் கோடுகளாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்று செய்தியில் கேட்பது அவர்களுக்கு இப்போது வெறும் விடுமுறை அறிவிப்பு அல்ல. விடுமுறை நாளில் பள்ளி மழைமானியைப் பார்க்க ஆள் இல்லாததால் லயத்துக்கு ஒன்று வீதம் வீட்டிலும் வைத்திருக்கிறோம். எஸ்டேட் அலுவலகங்களில் மழை அளவை எழுதிவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்தக் கணக்கோடு எங்கள் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இதே வட்டத்தில், மலைக்கு மறுபுறம் மழை மறைவில் இருக்கும் சின்னாறு ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையைத்தான் பெறுகிறது. மழைப் பக்கத்து மூணாறுப் பள்ளிகளும் சின்னாறை அடுத்த மறையூர்ப் பள்ளிகளும் தங்கள் மழைக் கணக்கை ஒரே பருவத்தில் பரிமாறிக்கொண்டால், மலை மேகத்தைத் தடுப்பது என்றால் என்ன என்பதைக் குழந்தைகள் எண்களாலேயே காண்பார்கள். இதற்கு இணையாக நான் செய்துவரும் இன்னொரு சோதனை கசக்கிய காகிதம். தடித்த காகிதத்தைக் கசக்கிப் பாதி விரித்து, முகடுகளில் எழுதுமையால் கோடிட்டு, தண்ணீர் தெளித்தால் மை ஓடைகளாக இறங்கும். எந்த முகட்டின் எந்தப் பக்கத்தில் துளி விழுகிறது என்பதே அது எங்கே போய்ச் சேரும் என்பதை முடிவுசெய்கிறது. மூணாறு வழியாக ஓடும் முதிரப்புழை ஆறு பெரியாற்றில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. எங்கள் வட்டத்திலேயே பிறக்கும் பாம்பாறு கிழக்கே இறங்கி, அமராவதி வழியாகக் காவிரியில் சேர்ந்து வங்கக் கடலை அடைகிறது. மேற்கே ஒரு கடலுக்கும் கிழக்கே ஒரு கடலுக்கும் ஒரே வட்டத்திலிருந்து தண்ணீர் போகிறது என்பதைக் காகிதத்தில் கண்ட பிறகு, ஆற்று நீர் பற்றிப் பெரியவர்கள் பேசும் பேச்சையும் அவர்கள் வேறு காதுகளோடு கேட்கிறார்கள்.

காலத்தின் அளவைக் கற்பிப்பதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. 46 மீட்டர் துணிக் கயிறு ஒன்று அதற்குத் துணை செய்தது. ஒரு மீட்டரைப் பத்துக் கோடி ஆண்டுகளாகக் கொண்டால் முழுக் கயிறும் பூமியின் வயதான 460 கோடி ஆண்டுகள். மைதானத்தில் அதை விரித்து, இன்றைய நாளின் முனையிலிருந்து நடக்கிறோம். டைனோசர்கள் மறைந்தது 66 சென்டிமீட்டரில். இமயம் எழக் காரணமான மோதல் ஏறத்தாழ அரை மீட்டரில். எங்கள் மலையின் பாறைகளோ ஐந்து மீட்டருக்கும் அப்பால். நாம் காலையில் மிதித்து வந்த கல் இமயமலையைவிட எவ்வளவோ மூத்தது என்பதைக் குழந்தைகள் நடந்தே தெரிந்துகொள்கிறார்கள். மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டுகளுக்குக் கிடைப்பது மூன்று மில்லிமீட்டர், கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ்வழிப் பாடநூலில் நிலச்சரிவு என்ற ஒரே சொல் இருக்கிறது. ஊரில் மலையாளத்தை ஒட்டி உருள்பொட்டல் என்றும் மண்ணிடிச்சல் என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்கள். நீரும் மண்ணும் பாறையும் மரமும் குழம்பாகிப் பள்ளத்தாக்கு வழியே விரைந்து பாய்வது முதலாவது. வெட்டிய கரை இடிந்து விழுவது இரண்டாவது. இந்த வேறுபாடு அறிவியலிலும் முக்கியமானது. எந்த இடத்தை விட்டு எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதே அதைப் பொறுத்து மாறும். குழந்தை ஊர்ச் சொல்லில் எழுதினால் தவறு என்று கோடிட்டு அடித்துவிடாமல், அந்தச் சொல்லையும் பாடநூலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவற்றையெல்லாம் செய்ய விடாமல் தடுப்பது பணம் அல்ல. நான் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில், மண்ணை வகுப்பறைக்குள் கொண்டுவரக்கூடாது என்றும், பாடம் முடியாமல் விளையாட்டு எதற்கு என்றும் எனக்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது. நாற்பது நிமிட வகுப்பில் தட்டைத் தயார் செய்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. எனவே வாரத்தில் ஒருமுறையாவது இரண்டு வகுப்புகளைச் சேர்த்துத் தர வேண்டும். கண்காட்சிகளில், பெற்றோர் கைவண்ணத்தில் மினுக்கும் மாதிரிகளுக்குப் பதிலாக, ஒரு பருவம் முழுவதும் குழந்தை தன் கையால் எழுதிய மழைக் குறிப்பேட்டுக்கும் மண் சோதனைக்கும் மதிப்பெண் தர வேண்டும். கல்வித் துறையினர், மலைப்பகுதித் தமிழ்வழி ஆசிரியர்களுக்கென்று ஒரு சிறு செயல்பாட்டுக் கையேட்டைத் தமிழிலேயே எழுதச் செய்ய வேண்டும். எல்லைக்கு அப்பால் போடியிலும் கம்பத்திலும் உள்ள ஆசிரியர்களும் அதைப் பயன்படுத்த முடியும்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது எங்களுக்கு மழையும் தொடங்கிவிடும். மழைமானியை அதற்கு முன்பே வைத்தாக வேண்டும், கேழ்வரகை அதற்கு முன்பே விதைத்தாக வேண்டும். ஆகவே மே மாத விடுமுறைப் பயிற்சியில் ஒரு நாளையேனும் இதற்கு ஒதுக்க ஆவன செய்யுமாறு, தங்கள் நாளிதழ் வாயிலாக இரு மாநிலக் கல்வித் துறையினரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்,
தேவிகுளம் வட்டம், இடுக்கி மாவட்டம்.