சாப்பிட்டாரா என்று கேட்டவர்களுக்கும், தூங்கினாரா என்று கேட்டவருக்கும்

அன்புள்ள சொந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்தது என்ன என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை, படிக்க உங்களுக்கும் இருக்காது. இப்போது உள்ளறைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, சட்னியில் உப்பு குறைவு என்று அம்மாவிடம் வம்பு வளர்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் குரலைக் கேட்கத்தானே இத்தனை பேரும் ஓடினோம்.

அழைத்த நேரத்துக்கு வந்து ரத்தம் கொடுத்த பிள்ளைகள், கோரிப்பாளையம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் எங்களை ஏற்றி இறக்கிவிட்டு வாடகைப் பேச்சே எடுக்காத ஆட்டோ அண்ணன், என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்த ஆசிரியத் தோழிகள், பூட்டிய வீட்டு வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு வைத்த எதிர்வீட்டு அத்தை, கஞ்சி, ரசம் சாதம், இட்லி என்று தூக்குவாளியோடு வந்து நின்ற சித்திமார், பெரியம்மாமார், எல்லோரையும் இந்த ஒரே வரியில் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தனித்தனியாக எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது.

அடுத்த கட்டிலில் இருந்தவரின் மனைவி. மேலூர்ப் பக்கத்துக் கிராமம். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பிழைப்பவர். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். அவருக்கே கவலை தலைக்கு மேல் கிடந்தது. கணவரின் கட்டிலுக்கடியில் ஒரு கட்டைப்பை வைத்திருந்தார். அதில் ஊசி, நூல்கண்டு, சின்னக் கத்தரி, விதவிதமான வெட்டுத்துணிகள். கை சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போகிறது என்று, நடைபாதையில் உட்கார்ந்து எதையாவது ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டே இருப்பார்.

வார்டில் இரவு முழுக்க டியூப்லைட் எரியும். எரியத்தான் வேண்டும், சொட்டு மருந்து இறங்குகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று இருட்டில் பார்க்க முடியுமா? ஆனால் அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு விளக்கு. துண்டைக் கண்ணில் போட்டால் புரளும்போது சரிந்துவிடும். கையை மடித்து வைத்தால் ஊசி குத்தியிருக்கும் கை, சிஸ்டர் எடுத்துவிடுவார். நடு இரவில் எழுந்து உட்கார்ந்து, கடைக்கு ஷட்டர் போட்டாயிற்றா, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நின்ற மனிதர், ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எனக்கு ஈரக்குலை நடுங்கும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும், நானும் சேர்த்துத்தான், "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டோம். மதுரைக்காரர்களுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது. அக்காதான் ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டே, "ஐயா ராத்திரி கண்ணசந்தாரா?" என்று கேட்டார். இல்லையென்றேன். "அதானே பார்த்தேன்" என்று போய்விட்டார்.

அன்று மதியம், அப்பாவுக்கு வெளிச்சத்தை மறைக்கும் கண்பட்டை ஒன்று தைக்க, ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த பழுப்புக் காகித உறையைக் கேட்டு வாங்கினார். அதை இரண்டாக மடித்து, ஒரு கண்ணுக்கு மட்டும் வளைவாக வெட்டிப் பிரித்தார். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல வந்தது. நடுவில் மூக்குக்கு ஒரு பள்ளம். அப்பாவின் நெற்றிப்பொட்டுக்கு நெற்றிப்பொட்டு ஒரு நூலைப் பிடித்து அளந்துகொண்டார். பின்னால் நான் அளந்து பார்த்ததில் நீளம் 8 அங்குலம், அகலம் மூன்றரை.

வெளிப்பக்கத்துக்கு அரக்குச் சுங்குடித் துண்டு. நடுவில் இரண்டு மடிப்பாகக் கறுப்பு லைனிங் துணி, வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான். முகத்தில் படுகிற பக்கத்துக்குப் பழைய வேட்டி. நான் புதுத்துணி வாங்கி வரட்டுமா என்று கேட்டதற்கு, "நாலு தண்ணீர் பார்த்த துணிதான் முகத்துக்கு ஆகும். புதுசில் கஞ்சியும் இருக்கும், சாயமும் விடும்" என்றார். சுங்குடியும் வேட்டியும் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்க, லைனிங்கை மேலே வைத்து, கால் அங்குலம் உள்ளே தள்ளிச் சுற்றிலும் கைத்தையல் போட்டார். இரண்டு விரல் நுழைகிற இடைவெளி மட்டும் விட்டு, அதன் வழியாகத் திருப்பி எடுத்தார். திருப்புவதற்கு முன்னால், மூக்குப் பள்ளத்தில் தையலைத் தொடாமல் சின்னச் சின்னதாக நறுக்கிவிட்டார். இல்லாவிட்டால் அந்த இடம் இழுத்துக்கொண்டு சுருங்குமாம். கண் வருகிற இடத்தில் ஜாக்கெட்டுக்குப் பிடிக்கும் டாட்டை, அதாவது குழிவு வரத் துணியை மடித்துத் தைக்கும் பிடிப்பை, முன்கூட்டியே பிடித்திருந்தார். அதனால் துணி குழிவாக நின்றது, இமையில் அழுத்தவில்லை. மூக்கோரம் வெளிச்சம் கசியாமல் இருக்க உள்பக்கம் ஒரு சிறு மடிப்பு.

நாடாவில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம். எலாஸ்டிக் காதோரம் அறுக்கும், வேர்த்தால் அரிக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டுப் பாவாடை நாடாவைக் கோத்தார். மல்லாந்து படுப்பவருக்குப் பின்மண்டையில் முடிச்சு வந்தால் உறுத்தும் என்று, காதுக்கு மேலே பக்கவாட்டில் முடிச்சு. அதுவும் ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடுகிற முடிச்சு. "சிஸ்டர் அவசரத்துக்குக் கண்ணைப் பார்க்க வேண்டியிருந்தால்?" என்றார். அவராகவே போய் சிஸ்டரிடம் காட்டி அனுமதியும் வாங்கி வந்தார்.

சிஸ்டருக்கு நிரம்பச் சந்தோஷம். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் போகும், இரவில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் உறக்கத்தைக் கூட்டி வருகிற மெலடோனின் சுரப்பது குறையும், வயதானவர்கள் சரியாகத் தூங்காவிட்டால் நேரம் காலம் தெரியாமல் குழம்புவதும் உண்டு என்றார். கடைச் சாவியைப் பற்றி அப்பா கேட்டதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். சிஸ்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

கட்டிவிட்டதும் அப்பா, "என்னை ஜட்கா வண்டிக் குதிரை ஆக்கிவிட்டீர்களே" என்றார். அன்றிரவு தூங்கினார். டீ வாளிக்காரர் வருகிற வரைக்கும் தூங்கினார். துணி மட்டும்தான் அவரைத் தேற்றியது என்று சொல்லமாட்டேன். மருத்துவர்கள் இருந்தார்கள், மருந்து இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, "இது அச்சு இல்லை, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சரக்கு. புள்ளி ஒன்றுபோல ஒன்று இல்லை பார்" என்று ஜவுளிக்கடைக்காரராகப் பேசினார். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005இல் என்று பக்கத்துக் கட்டில்காரருக்குப் பாடமும் எடுத்தார். நான் நடைபாதைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அக்கா இன்னொன்றும் தைத்தார், ஒன்று துவைத்துக் காயும்போது மற்றது கட்ட. பணம் நீட்டினேன், முறைத்தார். அவர் கணவரை எங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். கணவர் நலமாக இருக்கிறார் என்று நேற்றுப் பேசினோம். அக்கா, இதை உங்கள் மகன் படித்துக் காட்டுவான் என்று நம்பி எழுதுகிறேன். தூங்கா நகரம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் ஊரில், என் அப்பாவைத் தூங்கவைத்தவர் நீங்கள்.

இனிமேல் யாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அலமாரியில் ஏற்கெனவே அவை மலையாகக் கிடக்கின்றன. ஒரு கண்பட்டை தைத்துக்கொண்டு போவேன். நீங்களும் தைக்கலாம், அந்தக் காகித அளவை என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருப்பவர்களுக்கும் சிஸ்டரைக் கேட்காமல் கட்டாதீர்கள். வீட்டில் கறுப்பு லைனிங், பழைய வேட்டி, சுங்குடிச் சேலைக் கிழிசல் இருந்தால் பாத்திரக்காரரிடம் போட்டுவிடாமல் துவைத்து எனக்குக் கொடுத்துவிடுங்கள்.

வரும்போது உங்கள் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். மூடி தொலைந்த எவர்சில்வர் தூக்கு ஒன்றும், அடியில் 'ரா' என்று வெட்டிய டிபன் கேரியர் ஒன்றும் யாருடையவை என்று தெரியவில்லை. அம்மா எல்லாரையும் சந்தேகப்படுகிறார்.