ஏழு டாலரை ஏன் வாங்கவில்லை என்று சொல்லுங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றித் தமிழில் தொடர் காணொளி வெளியிட்டு வரும் நண்பர்களுக்கு,

வணக்கம். வடக்குப் படையில் கறுப்பின வீரர்களைக் கொண்டிருந்த 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவைப் பற்றிய உங்கள் பகுதியைப் பார்த்தேன். தென் கரோலினாவின் வாக்னர் கோட்டைமீது அவர்கள் நடத்திய தாக்குதலும் அவர்களின் தளபதி கர்னல் ஷாவின் மரணமும் விரிவாக வந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கறுப்பினத் தன்னார்வ வீரர்கள் நாட்டுப்பற்றால் சம்பளமே வேண்டாம் என்று போரிட்டதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரியைத் தயவுசெய்து திருத்துங்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. 1863-இல் ஆள் சேர்த்தபோது, வெள்ளை வீரர்களுக்குப் போலவே மாதம் 13 டாலரும் உடுப்புப் படியும் உண்டு என்றார்கள். தென் கரோலினா போய்ச் சேர்ந்த பிறகு பேச்சு மாறிவிட்டது. 10 டாலர்தான், அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். கையில் 7. வாங்க மாட்டோம் என்றார்கள். குறைகிற தொகையைத் தானே தருவதாக மாசசூசெட்ஸ் மாநில அரசு முன்வந்தபோதும் ஒத்துக்கொள்ளவில்லை. வாஷிங்டனில் இருந்த மத்திய அரசே சமமாகத் தர வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை.

அந்த மாதங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வாக்னர் கோட்டை இருந்த மோரிஸ் தீவின் மணலில், பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே பதுங்குகுழி வெட்ட வேண்டும். தின்னக் கிடைப்பது கல் போன்ற ரொட்டி. காப்பியில் ஊறப்போட்டு, மிதக்கும் புழுவை எடுத்துப் போட்டுவிட்டுத் தின்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று வீட்டிலிருந்து கடிதம் வரும்போது என்ன செய்வது? கையெழுத்துப் போட்டால் ஏழு டாலர் கிடைக்கும். சம்பளம் கொடுக்க அதிகாரி வந்த போதெல்லாம், அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே மறுத்தார்கள். இதைத் தியாகம் என்று சுருக்கிவிட்டால், அவர்கள் எதை எதிர்த்து நின்றார்கள் என்பதே மறைந்துபோகும்.

இதே படைப்பிரிவின் கார்ப்பொரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங், நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்று அதிபர் லிங்கனுக்கே எழுதிக் கேட்டார். இன்னொரு கறுப்பினப் படைப்பிரிவின் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், சம சம்பளம் கேட்டுத் தன் ஆட்களோடு துப்பாக்கியைக் கீழே வைத்தார். கலகக் குற்றம் சாட்டி 1864 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சம்பளம் கேட்டதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர் இருக்கிற வரலாற்றில், சம்பளம் வேண்டாம் என்றார்கள் என்றா சொல்வது? அந்த ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இறங்கி வந்து, சம சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டது. அப்போதும், போர் தொடங்கிய சமயத்தில் அடிமையாக இருந்தவருக்கு முழுப் பாக்கி இல்லை என்று வேறு நிபந்தனை.

பொதுவாகவே நம் போர்க் காணொளிகளில் தளபதிகள்தான் பேசுகிறார்கள். இந்தப் போரில் குண்டடிபட்டு இறந்தவர்களைவிட வயிற்றுப்போக்கு, டைபாய்டு என்று நோயில் இறந்தவர்கள் அதிகம். அதற்கும் உங்கள் தொடரில் இடமில்லை. சரி, அதை அப்புறம் பேசலாம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். பள்ளிப் பிள்ளைகள் உங்கள் காணொளியைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். அடுத்த பகுதியின் தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஒதுக்கி, அவர்கள் மறுத்தது சம்பளத்தை அல்ல, குறைத்துக் கொடுத்த சம்பளத்தை என்று சொல்லுங்கள். பழைய காணொளியின் கீழும் ஒரு திருத்தக் குறிப்பு போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொடரை விடாமல் பார்க்கும் ஒருவர்